பின்கதவில் ஒரு புத்தகம்

மாரப்பன் படித்த புத்தகங்களில் எத்தனை பேர் குத்துப்பட்டுச் செத்தார்கள் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. விஷம் குடித்தவர்கள், மலையிலிருந்து தள்ளப்பட்டவர்கள், கிணற்றில் மிதந்தவர்கள் எல்லாம் தனி. செத்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட நினைவில் இல்லை. ஆனால் ஒவ்வொருத்தரும் சாகிற நேரத்தில் அவன் கண் அகலத் திறந்திருந்தது. முழிப்பானுக்கு அது போதும்.

நாமக்கல் லாரிகள் தாமாகவே ஓட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஸ்டியரிங் இருக்கிறது, பிடிக்க வேண்டியதில்லை. பிரேக் இருக்கிறது, மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் ஒன்றும் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள ஆள் ஒருத்தன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி வர வேண்டும். என்றைக்காவது இயந்திரத்துக்குப் புத்தி கெட்டால் அவன் தாவிப் பிடிக்க வேண்டும். கேட்பதற்குச் சுகமான வேலை. செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மூட்டை சுமக்கிறவன் தூங்கி விழமாட்டான், மூட்டை விடாது. சும்மா உட்கார்ந்து நாக்பூர் வரைக்கும் தார் ரோட்டைப் பார்க்கிறவன் தர்மபுரி தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துவிடுவான்.

பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். தாளத்துக்கு ஏற்றபடி குறட்டை வந்தது. படம் காட்டிப் பார்த்தார்கள். கண் திறந்திருந்தது, ரோடு தெரியவில்லை. கடைசியில் எழுத்துதான் வேலை செய்தது. முன்கண்ணாடியின் அடியில் இரண்டிரண்டு வரியாக ஓடும். படிக்கிறவன் தலை நிமிர்ந்திருக்கும். ரோட்டில் ஏதாவது குறுக்கே வந்தால் எழுத்து மறைந்துவிடும். இப்படியாக, எழுத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்து லாரிக்கு வந்தவர்கள்தான் கடைசியில் நாட்டிலேயே அதிகம் படிக்கிறவர்கள் ஆனார்கள்.

அடுத்து என்ன படிப்பது என்கிற தலைவலி அவர்களுக்கு இல்லை. அதை முழிப்பான் பார்த்துக்கொள்ளும். கம்பெனி அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தது. டிரைவர்கள் வாயில் முழிப்பான்தான் நின்றது. சீட்டுக்கு எதிரே பட்டாணி அளவில் ஒரு கேமராக் கண்ணாடி. எந்த வரியில் இமை அகலுகிறது, எந்த வரியில் சொருகுகிறது என்று பார்த்துக்கொண்டே வரும். பார்த்ததை வைத்து அடுத்த புத்தகத்தை எடுத்துப் போடும். வேண்டுமானால் நாமே பெயர் சொல்லியும் கேட்கலாம், தரும். ஆனால் கண் சொருகியதோ, சீட்டு தடதடவென்று குலுங்கும், புத்தகம் பறிபோகும். ஒரே நடையில் மூன்று முறை சொருகினால் ஆள் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். இறங்கினவன் திரும்ப ஏறியதாக மாரப்பன் கேள்விப்பட்டதில்லை.

நடை முடிந்து வீட்டுக்கு வந்தால் வேறு வம்பு. கண் மூடாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தால் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடப்பான். மனைவி அமராவதி முட்டைக் குடோனில் வேலை பார்க்கிறவள். விளக்கில் காட்டி நல்ல முட்டை, கெட்ட முட்டை பிரிக்கிற வேலை. வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள்.

"இன்னைக்கு எங்க சூப்பர்வைசரம்மா புதுச் சேல கட்டிட்டு வந்துச்சுங்க. பச்சையில சின்னச் சின்னப் புள்ளி."

"ம்."

"எங்க எடுத்ததுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டீங்குது."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, அவ்வளவுதானுங்க."

"அந்தம்மாவ யாரும் ஒண்ணும் பண்ணலியா?"

அமராவதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன பண்ணோணும்? கழுத்த அறுக்கோணுமா?"

மாரப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையில் அதற்குத்தான் காத்திருந்தான். பச்சைச் சேலை என்றதுமே ரத்தக்கறை எங்கே என்று மனசு தேடப் போய்விட்டது. பெண்டாட்டி பேசுகிறாள், தனக்கு அடுத்த பக்கம் வேண்டியிருக்கிறது.

"கண்ணப் பாருங்க, செவசெவன்னு கெடக்குது. அந்தப் பொட்டி உங்கள ஒரு வழி பண்ணிப்போட்டுது." எழுந்து போய்த் தன் தலையணைக்குப் பக்கத்திலிருந்து தடியான புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் மடிந்து கிடந்தது. "இதப் படிங்க. இதப் படிச்சாத்தான் நீங்க மனுசனாவீங்க."

அட்டையில் 'ஈரச் சாக்கு' என்று போட்டிருந்தது.

"நீ படிச்சயா?"

"தெனமுந்தான் படிக்கறேன்."

அதற்குள் போன் அடித்தது. சேந்தமங்கலத்தில் ஜவ்வரிசி லோடு, நாக்பூர், உடனே கிளம்பு. மாரப்பன் புத்தகத்தைப் பையில் வைக்கப் போனான். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அத வெச்சுட்டுப் போங்க. அது இல்லீன்னா எனக்கு ஆகாது. வந்து படிங்க."

தினமும் படிக்கிறாள். அது இல்லாமல் ஆகாது. மாரப்பன் படியிறங்கும்போதே முடிவு கட்டிவிட்டான். அதில் என்னவோ இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் அவளுக்கு ஆள் இல்லை, அதனால்தான் சேலைப் புள்ளியைப் பேசுகிறாள். படித்துவிட்டு வந்தால் இருவருக்கும் பேச ஒன்று இருக்கும். வந்து படிக்க நேரம் ஏது? லாரியிலேயே படித்துவிட்டுத்தான் வீட்டுவாசலை மிதிப்பது.

சேலம் தாண்டியதும் முழிப்பானிடம் பெயரைச் சொன்னான். கொடுத்தது.

கதை ஒரு மழைநாளில் ஆரம்பித்தது. மூட்டை தூக்குகிறவன் ஒருத்தன் மழைக்குத் தலைமேல் கூம்பாக மடித்துக் கொங்காணி போட்ட சாக்கோடு நனைந்து வந்து, சாக்கை மண்சுவரில் வீசி, "காயட்டும், இப்ப வந்தர்றேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாக்கு காய்கிறது. முதல் பக்கத்தில் காய்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஓரம் காய்ந்து நடு காயவில்லை. ஒரு ஈ வந்து உட்கார்கிறது. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் சாக்கைத் திருப்பிப் போடுகிறாள்.

தடதடவென்று சீட்டு குலுங்கியது. புத்தகம் காணோம். அதற்குப் பதில் ஓடும் ரயிலில் ஒருத்தன் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான்.

மாரப்பன் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு மறுபடி கேட்டான். முழிப்பானிடம் விட்ட இடம் என்பதெல்லாம் கிடையாது, பறித்த புத்தகத்தை முதலிலிருந்துதான் தரும். மழை, சாக்கு, ஈ. பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு படித்தான். நாக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சாக்கைத் திருப்பிப் போட்டாள், சீட்டு குலுங்கியது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி.

கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் சவரிமுத்து நின்றிருந்தான். திண்டுக்கல்காரன், பத்து வருடப் பழக்கம், அவனுக்கும் நாக்பூர் லோடு. விஷயத்தைக் கேட்டுவிட்டு டீயைத் துப்பினான்.

"ஏன் மாப்ள, ஒம் பொண்டாட்டி ஒரு சாக்கக் காயப் போடச் சொன்னா, அதுக்காக சீட்டையே காயப் போடுவியா? பேசாம நான் சொல்றதப் படி. பொணம் இல்லாத அத்தியாயமே கெடையாது."

"பொணம் பாத்துப் பாத்துத்தான் இப்பிடி ஆயிட்டேன் சவரி."

"இந்தப் பேர எந்த வண்டிப் பின்னாலயாச்சும் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப எவனும் தாண்டலன்னு அர்த்தம்."

அதில் நியாயம் இருந்தது. டிரைவர்கள் முழிப்பானை முழுசாக நம்பியதில்லை. அவர்கள் நம்பியது முன்னால் போகிற லாரியின் பின்கதவை. பழைய காலத்தில் அங்கே 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கும். லாரிகள் தங்களுக்குள் தாமே பேசிக்கொள்ள ஆரம்பித்ததும் ஒலி தேவைப்படவில்லை, இடம் காலியானது. அந்த இடத்தில் அவனவன் தன்னை உலுக்கிய ஒரு புத்தகத்தின் பெயரை எழுதினான். ஒன்றே ஒன்றுதான். பட்டறையில் பெயின்டரைப் பிடித்து உட்கார வைத்து, பொழுதைக் கெடுத்து எழுதுகிற சங்கதி, கண்டதையும் எவனும் எழுதமாட்டான். பின்னால் வருகிறவன் நாலு ஜில்லா தாண்டுகிற வரைக்கும் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே வருவான். கடைசியில் கேட்டே தீருவான். புதிதாக இந்த லைனுக்கு வந்தபோது சவரிமுத்து ஒரு பழைய வண்டியின் பின்னால் போய், 'ஒலி எழுப்பவும்' என்ற புத்தகம் வேண்டும் என்று முழிப்பானோடு சண்டை பிடித்தவன். இன்றைக்கும் பட்டறையில் அவன் பெயர் ஒலிதான்.

"சரி, ஒரு யோசன," என்றான் சவரிமுத்து. "வாய்விட்டுப் படி. வாய் ஆடுனா கண்ணு மூடாது. நான் பின்னாலதான் வர்றேன், போன்ல கேட்டுக்கிட்டே வாரேன். ஒன் சத்தம் எறங்குனா கத்துறேன்."

அப்படியே செய்தார்கள். மாரப்பன் தொண்டையைத் திறந்து, ஏலம் போடுகிறவன் மாதிரிப் படித்தான். மழை, சாக்கு, ஈ. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் சாக்கைத் திருப்பிப் போட்டபோது போனில் ஒரு குறட்டை கேட்டது. பிறகு தடதட. பிறகு, "அய்யய்யோ, அந்தோணியாரே!"

மாரப்பன் நிறுத்தவில்லை. நாலாம் பக்கம் வந்தது.

சாக்கு காய்ந்துவிட்டது. அவன் வரவில்லை.

அந்த இரண்டு வரியில் மாரப்பனின் வாய் நின்றது. அவன் அப்பனும் மூட்டை தூக்கியவன். மழைநாளில் அதே மாதிரி கொங்காணி போட்டுக்கொண்டு வருவான். நனைந்த சாக்கு எவ்வளவு நேரம் காயும் என்று மாரப்பனுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் கதையில் அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவனுக்கு மிளகாயும் வேண்டியிருக்கவில்லை, சவரிமுத்துவும் வேண்டியிருக்கவில்லை. நாக்பூரில் மூட்டை இறக்கி முடித்த பிறகும் இருக்கையைவிட்டு இறங்காமல் படித்தான். திரும்புகிற வழியில் முடித்தான். முழிப்பான் வழக்கம்போல அடுத்ததை எடுத்துப் போட்டது. வேண்டாம் என்றான். கொஞ்ச தூரம் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். தூக்கம் வரவில்லை.

வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பட்டறைக்குப் போனான். பின்கதவில் மஞ்சளில், பெரிசாக, 'ஈரச் சாக்கு'.

அமராவதியிடம் சொல்ல ஓடினால் வீடு பூட்டிக் கிடந்தது. அவள் தன் அண்ணன் மகளின் சீருக்குப் பரமத்திக்குப் போயிருந்தாள். அதற்குள் அடுத்த லோடு வந்துவிட்டது. சேந்தமங்கலத்து மில்லில் வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் மேஸ்திரி ஓடி வந்தான்.

"யோவ், என்னய்யா இது? ஈரச் சாக்குல ஜவ்வரிசி ஏத்தினா நாக்பூர் போறதுக்குள்ள புட்டாயிருமே!"

"அது புஸ்தகமுங்க."

"புஸ்தகம் நனஞ்சா பரவால்ல, ஜவ்வரிசி நனையக்கூடாது. கதவத் தெறந்து காட்டு!"

தார்ப்பாயை அவிழ்த்து, தரையைத் தடவிக் காட்டி, மேஸ்திரி மோந்து பார்த்து, பாரம் ஏற்றுவதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. சோதனைச் சாவடியில் மறுபடியும் அதே கூத்து. அங்கிருந்த அதிகாரி லோடை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "கதை எப்படி?" என்று கேட்டார். "மூணு பக்கம் பொறுங்க சார்" என்றான் மாரப்பன்.

வீட்டுக்குப் போக விடாமல் லோடுமேல் லோடு வந்தது. அடுத்தடுத்த நடைகளில் அந்தப் பெயரை ரோடே பார்த்தது. மஞ்சள் எழுத்து வேறு. பின்னால் வந்தவன் கேட்டான், அவன் பின்னால் வந்தவனிடம் சொன்னான். டீக்கடைகளில் ஆட்கள் முகம் தெளிந்து போய் நின்றார்கள்.

"என்னன்னு தெரியல மாப்ள," என்றான் சவரிமுத்து. "இப்பல்லாம் ஒடம்பு காத்தாட்டம் இருக்கு."

ஒரு நாள் காலை, மாரப்பன் பட்டறையில் சக்கரத்துக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து பின்கதவின் முன் நின்றாள். கழுத்தில் கம்பெனி அட்டை. ஷர்மிளா, முழிப்பான் பிரிவு என்று போட்டிருந்தது. இவன்தானா என்பதுபோல் பார்த்தாள்.

"இத எழுதினது நீங்கதானாண்ணா?"

"நான்தானுங்க மேடம்."

"போன வாரம் அனந்தபூர் ரோட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல, நம்ம வண்டி அத்தனையும் போயிட்டிருக்கு. ஒரு சீட்டுலகூட ஆள் முழிச்சிருக்கல. சீட்டு குலுங்கியும் எந்திரிக்கல. வருஷக்கணக்கா பாக்கி வெச்ச தூக்கம் போல இருக்கு, ஒரேயடியா அடிச்சுப் போட்டிருக்கு. எல்லாரும் மூணாவது பக்கத்துல."

மாரப்பன் காற்றுக்குழாயைக் கீழே வைத்தான். சவரிமுத்துவும் அந்த ரோட்டில்தான் இருந்தான். "எத்தன பேருங்க போயிட்டாங்க?"

"யாரும் சாகல."

"அடி கிடி?"

"ஒரு கீறல் இல்ல. எல்லா வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேந்துச்சு."

"மாரியாத்தா காப்பாத்தினா! அப்பறமென்னங்க?"

"அதுதாண்ணா பிரச்சனையே."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க எல்லாரையும் சீட்டுல உக்கார வெச்சிருக்கறது ஒரே ஒரு சட்டம். ஆள் முழிச்சிருந்தாத்தான் வண்டி பத்திரம்னு சொல்ற சட்டம். எல்லாரும் தூங்கி ஒண்ணுமே ஆகலன்னு நான் ரிப்போர்ட் எழுதினா, அத்தோட அந்தச் சட்டம் காலி. தூங்கினவங்கள மட்டும் இறக்க மாட்டாங்க. எல்லாரையும் இறக்கிருவாங்க."

மாரப்பன் டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடம். இத்தனை கழுத்தறுப்பு. மிளகாய், தண்ணீர், சிவந்த கண், சொந்த வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்த மத்தியானங்கள்.

"அப்ப நாங்க முழிச்சிருந்தது எதுக்குங்க?"

ஷர்மிளா கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "சட்டம் போனா முழிப்பான் எதுக்கு? முழிப்பான் போனா நான் எதுக்கு? எனக்கும் வீட்டுக்கடன் இருக்குண்ணா," என்றாள். "போன வாரத்துக்கு, கண்ணாடியில தூசி படிஞ்சு தப்பாக் காட்டிருச்சுன்னு எழுதிர்றேன். ஒரு தடவதான் அப்படி எழுத முடியும். இந்தப் புஸ்தகத்த எடுத்துர்றேன். நீங்க பேர அழிச்சிருங்க."

"மூணாம் பக்கம் தாண்டினவன் யாருமே இல்லீங்களா?"

அவள் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தேடினாள். புருவம் உயர்ந்தது. "வேற ரோட்டுல ரெண்டு மூணு பேர் இருக்காங்க. அவங்க கண்ணு மூடவே இல்ல. இவ்வளவு அகலமா நான் எந்தப் புஸ்தகத்துக்கும் பாத்ததில்ல." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணலாம். முதல் மூணு பக்கத்த வெட்டிட்டு நாலாம் பக்கத்துல இருந்து குடுத்தர்றேன்."

மாரப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சாக்கு காயாம நாலாம் பக்கம் எப்பிடிங்க வரும்?"

அவள் விழித்தாள். அவள் அதைப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. டிரைவர்களின் இமையைத்தான் படித்திருக்கிறாள்.

"வெட்டவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். இன்னொரு வரி சேத்துக்கறேன்," என்றான். பெயின்டரைக் கூப்பிட்டான். மஞ்சள் எழுத்துக்குக் கீழே சிவப்பில் எழுத வைத்தான். 'மூணு பக்கம் வாய்விட்டுப் படி.'

ஷர்மிளா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒருத்தர் தூங்கினாலும் எடுத்துருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரம் எதிரே வந்த லாரிகளில் எல்லாம் டிரைவர்களின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ரோடே வேண்டுதல் சொல்வது போல் இருந்தது. ஒருத்தன்கூடத் தூங்கவில்லை.

"அந்தப் புள்ள என்ன மாப்ள சொல்லுச்சு?" என்று சவரிமுத்து கேட்டான்.

"கண்ணாடியில தூசியாம்."

"நாசமாப் போக! நான் நல்லாத் தூங்கினதாவுல்ல நெனச்சேன்."

மாரப்பன் வாய் வரைக்கும் வந்ததை டீயோடு விழுங்கினான். இனி ஒவ்வொரு நடையிலும் இதை விழுங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

வீட்டுக்குப் போனபோது மத்தியானம். அமராவதி குடோனுக்குப் போகவில்லை, வார விடுமுறை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னான்.

"முடிச்சுப் போட்டேன் அமரா."

"எதைங்க?"

"ஈரச் சாக்கு. முழுசும்."

"முழுசுமா?" அவள் முறத்தைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கவில்லை. "ஏனுங்க, அதப் போயி யாராச்சும் முழுசாப் படிப்பாங்களா?"

"நீதான தெனமும் படிக்கறேன்னே!"

"தெனமுந்தான் படிக்கறேன். மூணாம் பக்கம் தாண்டினதேயில்ல. நீங்க ரோட்டுல இருக்கீங்கன்னா எனக்கு எங்கீங்க தூக்கம் வருது? அதப் பிரிச்சாத்தான் கண்ணு சொக்கும். உங்களுக்கும் தூக்கம் வரட்டும்னுதான் குடுத்தேன். கட்டில்ல படுத்துட்டுப் படிக்கச் சொன்னா, லாரியிலயா கொண்டுபோயிப் படிப்பீங்க?"

மாரப்பன் மனசில் இரண்டு முறை குலுங்கிய சீட்டு, சவரிமுத்துவின் அலறல், மில் மேஸ்திரி, அனந்தபூர் ரோடு, எல்லாம் வரிசையாக வந்து போயின. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அவனும் சிரித்தான்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "அப்பறம் என்னாச்சுங்க? சாக்கு காஞ்சுதா?"

"படிக்கறேன், கேளு."

கட்டிலில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாய்விட்டுப் படித்தான், ஏலக் குரலில் அல்ல, சும்மா. மழை பெய்தது. சாக்கு சுவரில் விழுந்தது. இங்கே சீட்டு குலுங்காது, எதுவும் பறிபோகாது. ஓரம் காய்ந்தது, நடு காயவில்லை. ஈ வந்தது. வாய் ஆடினால் கண் மூடாது என்று சவரிமுத்து சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தின் நடுவில், சாக்கைத் திருப்பிப் போடுகிற இடத்தில், வாய் தானாக நின்றது. புத்தகம் நெஞ்சின்மேல் சரிந்தது. இமைகள் இரண்டும் பாரம் ஏற்றியது போல் இறங்கின.

யாரோ புத்தகத்தை மெதுவாக உருவியது தெரிந்தது. பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, மின்விசிறியின் சத்தம் மட்டும். பிறகு ஒரு கை வந்து அவன் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. அவள் நாலாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறக்க நினைத்தான், முடியவில்லை.